பொட்டி தட்டுறவன் தையல் மிஷின் மிதிச்ச கதை

இந்தப் பக்கம் வந்து ஏழு மாசம் ஆச்சு. 'ஆணி அதிகம்'னு ஒரு வரியில முடிச்சுக்கலாம்தான். ஆனா ஆணி மட்டும் காரணம் இல்ல. இந்த ஏழு மாசத்துல தலகாணி உறை நாலு, துணிப்பை ஆறு, கால்மிதி ரெண்டு, ஜன்னலுக்கு ஒரு திரை, அப்புறம் இன்னொண்ணு (அதைக் கடைசியில சொல்றேன்)... இவ்வளவும் என் கையால தைச்சிருக்கேன் மக்களே. சிரிக்கறவங்க சிரிச்சு முடிச்சுட்டு வாங்க, நான் இங்கயே நிக்கறேன் :-)

கதைய முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

எங்க வீடு பெருந்துறைக்குப் பக்கத்துல ஒரு கிராமம். திண்ணைக்கு அடுத்த அறையில கறுப்புக் கலர்ல ஒரு கால் மிஷின் இருக்கும். அம்மா அதுல 23 வருஷம் ஜாக்கெட் தைச்சாங்க. ஊர்ல பாதிப்பேரோட அளவு அம்மாவுக்கு மனப்பாடம். "இந்தத் தடவை அரை இஞ்சு கூட வெச்சிருக்கறேன், போடோணும்னா சாப்பாட்டக் கொறை"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற ஒரே டெய்லர். என்னோட நாலு வருஷ இஞ்சினியரிங் ஹாஸ்டல் பில்லு அந்த மிஷின்ல இருந்துதான் வந்துச்சு. தீபாவளிக்கு முன்னாடி ஒரு மாசம் ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் அந்தச் சத்தம் கேக்கும். எனக்குத் தாலாட்டே அதுதான்.

போன வருஷம் ஆடி மாசம் ஒரு காலைல அம்மா கையில இருந்த காப்பி டம்ளர் நழுவிச்சு. எடுக்கக் குனிஞ்சவங்க எந்திரிக்கல. வலது கை, வலது கால்.

(நடுவுல ஒரு விஷயம், கோவிச்சுக்காதீங்க. வாய் ஒரு பக்கம் கோணுது, ஒரு கையைத் தூக்க முடியல, பேச்சு குழறுது - இதுல ஒண்ணு இருந்தாலும் தைலம் தேய்ச்சுட்டு உக்காந்திருக்காம உடனே வண்டியை எடுங்க. ரத்தக் கட்டியைக் கரைக்கற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு.)

சீக்கிரமா கொண்டு போனதால கால் முக்காவாசி திரும்பிருச்சு. பேச்சுக்கு ஒண்ணும் ஆகல. கைதான் படுத்துது. முழுக்கையும் தூக்கறாங்க, ஒரு பொருளைக் கொத்தாப் பிடிக்கறாங்க. ஆனா விரல் தனித்தனியா சொன்ன பேச்சு கேக்காது. ஊசி கோக்கறது, கத்திரி பிடிக்கறது, சாக்பீஸால கோடு போடறது எல்லாம் போச்சு. அதாவது அவங்க தொழில் மொத்தமும்.

நான் மேனேஜர்கிட்ட கெஞ்சி மாசத்துல ரெண்டு வாரம் ஊர்ல இருந்தே பொட்டி தட்ட அனுமதி வாங்கினேன். வந்து பார்த்தா மிஷின் மேல ஒரு பழைய சேலையப் போட்டு மூடி, அதுக்கு மேல மாத்திரை டப்பா, கரண்ட் பில்லு, நாள்காட்டி எல்லாம் அடுக்கி வெச்சிருந்தாங்க. பழைய இரும்புக்காரன் வந்தா குடுத்துருங்கன்னு அம்மா அப்பாகிட்ட மூணு தடவை சொல்லிட்டாங்களாம். அப்பா மூணு தடவையும் "ஆகட்டும்"னு சொல்லிட்டுத் தோட்டத்துக்குப் போயிட்டாராம். அப்பாவோட 'ஆகட்டும்'க்கு அர்த்தம் 'முடியாது'ன்னு தெரியறதுக்கு எனக்கே இருபது வருஷம் ஆச்சு.

அம்மா கட்டில்ல உக்காந்து டிவி பார்ப்பாங்க. அதாவது டிவி ஓடும், அவங்க சுவத்தைப் பார்ப்பாங்க. கை பயிற்சிக்கு ஒரு ரப்பர் பந்து குடுத்திருந்தாங்க. அது கட்டிலுக்கு அடியில பூனைக்கு உபயோகமா இருந்துச்சு.

*

ஆரம்பிச்சது தலகாணி உறையில. என் தலகாணி உறை கிழிஞ்சு பஞ்சு வெளிய வந்துட்டு இருந்துச்சு. ஆன்லைன்ல வாங்கலாம்னு போனா ரெண்டு உறை சொன்ன விலைக்கு ஒரு வாரம் மதியச் சாப்பாடு சாப்பிடலாம். எதிர்ல மூடி வெச்ச மிஷின். அலமாரியில அப்பாவோட பழைய வேட்டி. ரெண்டு செவ்வகத் துணிய ஒட்டி வெக்கறதுல என்னடா பெரிய வேலை, நாம எவ்வளவு பெரிய சிஸ்டத்தை எல்லாம் டிசைன் பண்றோம்...

முதல் பத்து நிமிஷத்துல ஊசி உடைஞ்சது. அடுத்த பத்து நிமிஷத்துல துணிக்கு அடியில நூல் குருவிக்கூடு மாதிரி கட்டிக்கிச்சு. மேல பார்த்தா தையல் ஓரளவு அழகா இருக்கு, திருப்பிப் பார்த்தா கூடு. சரி, அடியிலதான தப்பு, அப்ப பாபின்தான் கோளாறுன்னு பாபினைக் கழட்டி மாட்டினேன். திரும்பக் கூடு. திரும்பக் கழட்டினேன். திரும்பக் கூடு. நாலாவது தடவை நான் உதிர்த்த வார்த்தைய இங்க எழுத முடியாது.

பக்கத்து அறையில இருந்து குரல் வந்துச்சு.

"பாதத்தைத் தூக்கிட்டு நூல் கோத்தியா, எறக்கிட்டுக் கோத்தியா?"

"எறக்கிட்டுத்தான். ஏம்மா?"

"எறக்கி வெச்சா மேல இருக்கற தட்டு இறுகிக்கும், நூல் உள்ள போய் உக்காராது. தூக்கிட்டுக் கோரு. அடியில கூடு கட்டுனா மேல பாரு, மேல கட்டுனா அடியில பாரு. கண்ணு, இதுகூடத் தெரியாமயா சம்பளம் வாங்கறே?"

தூக்கிட்டுக் கோத்தேன். தையல் ரெண்டு பக்கமும் எறும்பு வரிசை மாதிரி வந்துச்சு.

பத்து மாசத்துல அம்மா மிஷினைப் பத்திப் பேசினது அதுதான் முதல் தடவை. அதைவிட முக்கியம், திட்டினது அதுதான் முதல் தடவை. எனக்கு ரொம்ப நாளைக்கு அப்புறம் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்துச்சு.

*

அன்னிக்கு ராத்திரி உக்காந்து மிஷின் எப்படி வேலை செய்யுதுன்னு படிச்சேன் (இஞ்சினியர் புத்தி). கைத்தையல்ல ஒரே நூல்தான், ஊசி முழுசா துணிக்குள்ள புகுந்து வெளிய வந்துடும். ஊசிக் கண்ணு பின்பக்கம் இருக்கும். மிஷின் ஊசிக்குக் கண்ணு முனையில இருக்கு. 1846-ல அமெரிக்காவுல எலியஸ் ஹோவ் பேடண்ட் வாங்கின மிஷின்லயே இந்த முனைக்கண் ஊசியும் ரெண்டு நூலும் உண்டு. ஊசி துணியக் குத்திட்டுக் கீழ போய் கொஞ்சமே கொஞ்சம் மேல ஏறும்போது பின்பக்கம் நூல் ஒரு சின்ன வளையமா தொங்கும். சரியா அந்த நொடியில கீழ இருக்கற கொக்கி வந்து வளையத்தைப் பிடிச்சு, பாபினைச் சுத்தி எடுத்துட்டுப் போகும். மேல் நூலும் அடி நூலும் துணிக்கு நடுவுல பின்னிக்கும். ஒரு தையல் முடிஞ்சது. ஒரு மீட்டர் தைக்கறதுக்குள்ள இந்தக் கூத்து நானூறு தடவை நடக்குது!

மேல் நூல் தளர்ந்து போனா கொக்கி இழுத்த நூலை மேல திரும்ப இழுக்க ஆள் இல்ல. அது அடியில குமிஞ்சு கூடாயிடும். எர்ரர் காட்டற இடம் ஒண்ணு, பக் இருக்கற இடம் இன்னொண்ணு. அஞ்சு வருஷமா இதுக்குத்தானய்யா எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க. அம்மா ஒரே வரியில சொல்லிட்டாங்க.

இதைப் படிச்சப்ப கண்ல பட்ட இன்னொரு சுவாரசியம்: யந்திரங்களைப் பத்தி அவ்வளவு எச்சரிக்கையாப் பேசின காந்தி, 1924-ல சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்கு குடுத்திருக்கார். பொண்டாட்டி கையால தைச்சுக் கஷ்டப்படறதைப் பார்த்து, அவ மேல இருக்கற அன்புல சிங்கர் செஞ்ச மிஷின்னு அவர் சொல்றார். நிஜ சிங்கர் அப்படி ஒண்ணும் உருகற ஆள் இல்லைங்கறது தனிக்கதை, அதைத் தேடிப் படிச்சுக்கங்க. ஆனா காந்தி சொன்ன காரணம் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. மிஷின் யாருக்காக ஓடுதுங்கறதுதான் கேள்வி.

*

சரி, செய்முறைக்கு வர்றேன். என்னை மாதிரி கத்துக்குட்டிகளுக்காக.

தலகாணி உறை: நாலு முழ வேட்டி கிட்டத்தட்ட 2 மீட்டர் நீளம், ஒண்ணேகால் மீட்டர் அகலம். நம்ம ஊர் தலகாணி சாதாரணமா 17க்கு 27 இஞ்சு. 18 இஞ்சு அகலம், 62 இஞ்சு நீளத்துல ஒரு பட்டை வெட்டுங்க. கணக்கு: முன்னுக்கு 27, பின்னுக்கு 27, உள் மடிப்புக்கு 6, ஓரம் மடிக்க 2. ஒரு வேட்டியில ரெண்டு உறை. ரெண்டு குறுக்கு ஓரத்தையும் முதல்ல மடிச்சு அடிச்சுடுங்க. அப்புறம் நல்ல பக்கம் மேல இருக்கற மாதிரி விரிச்சு, ஒரு பக்கத்துல இருந்து 27 இஞ்சு மடக்குங்க. இன்னொரு பக்கம் ஆறு இஞ்சு மிச்சம் நிக்கும். அதை மடக்கின துணி மேல கடைசியா மூடிட்டு, ரெண்டு நீள ஓரத்தையும் அரை இஞ்சு விட்டு அடிங்க. திருப்பினா மூடின ஆறு இஞ்சு உள்ள போயிடும், தலகாணி வெளிய நழுவாது. ஜிப் வேண்டாம், பட்டன் வேண்டாம்.

என் முதல் உறையில அந்த ஆறு இஞ்சை முதல்ல மடக்கிட்டு மத்ததை மேல போட்டுட்டேன். திருப்பினா உள்மடிப்பு வெளிய நாக்கைத் தொங்கப் போட்டுட்டு நிக்குது. "பிரி"ன்னாங்க அம்மா. அந்த ஒரு சொல்லை இந்த ஏழு மாசத்துல எத்தனை தடவை கேட்டேன்னு கணக்கே இல்ல.

ஜீன்ஸ் பை: தொடையில கிழிஞ்ச ஜீன்ஸை எல்லாரும் ஒண்ணு வெச்சிருப்பீங்க. கால் ரெண்டையும் மேலயே வெட்டிட்டு, அடிய ஒரே நேரா அடிச்சா பை ரெடி. வெட்டின கால்ல இருந்து ரெண்டு பட்டை எடுத்து மடிச்சுக் கைப்பிடி. பாக்கெட் ஏற்கெனவே இருக்கு, போனஸ். வினை எங்கன்னா நாலஞ்சு மடிப்பு சேர்ற இடத்துல. அங்கதான் என்னோட ரெண்டாவது ஊசியும் மூணாவது ஊசியும் வீரமரணம் அடைஞ்சது. சாதா காட்டனுக்கு 14ஆம் நம்பர் ஊசி, ஜீன்ஸுக்கு 16 இல்லைன்னா 18 வேணும்ங்கறதே எனக்கு அப்பதான் தெரியும். அம்மா வைத்தியம்: அந்த மொத்தமான இடத்தைக் கல்லு மேல வெச்சுச் சுத்தியல்ல நாலு தட்டு தட்டு, அப்புறம் காலை எடுத்துட்டுக் கையால சக்கரத்தைச் சுத்தி ஒவ்வொரு தையலாத் தாண்டு. துணி தைக்கச் சுத்தியல்! எந்த இஞ்சினியரிங் காலேஜ்லயும் இதைச் சொல்லித் தரல.

அந்தப் பையை எடுத்துட்டுத்தான் அப்பா இப்ப சந்தைக்குப் போறார். ஒரு காலத்துல மஞ்சப்பை கொண்டு வர்றவனைப் பட்டிக்காட்டான்னு சினிமாவுல கிண்டல் பண்ணுவாங்க. 2019 ஜனவரியில ஒருதடவை மட்டும் உபயோகிச்சுத் தூக்கிப் போடற பிளாஸ்டிக்கைத் தடை பண்ணினாங்க, 2021 டிசம்பர்ல அரசாங்கமே 'மீண்டும் மஞ்சப்பை'ன்னு திட்டம் ஆரம்பிச்சுது. பட்டிக்காட்டான் ஜெயிச்சுட்டான். அப்பா மட்டும் எப்பவும் ஒரே மாதிரிதான் போயிட்டு இருந்தார், அவருக்கு ஜெயிச்சதும் தெரியாது, தோத்ததும் தெரியாது.

பனியன் கால்மிதி: பக்கத்துல திருப்பூர் இருக்கறதால எங்க ஊர்ப்பக்கம் பனியன் வேஸ்ட்டைக் கிலோ கணக்குல வாங்கலாம். இல்லைன்னா வீட்டு டிசர்ட்டே போதும். கைக்குக் கீழ குறுக்கா வெட்டிட்டு, சுத்திச் சுத்தி ஒரு இஞ்சு அகலத்துல அறுபடாம வெட்டிக்கிட்டே வாங்க. நீளமா ஒரே நாடா கிடைக்கும். அதை ரெண்டு பக்கமும் பிடிச்சுச் சுருக்குன்னு இழுத்தா ஓரம் தானா சுருண்டு கயிறு மாதிரி ஆயிடும். பனியன் துணி நெசவு இல்ல, பின்னல், அதனால வேட்டி மாதிரி ஓரம் பிசிறு பிசிறா வராது. மூணு கயித்தைச் சடை பின்னி, நத்தை மாதிரி சுருட்டிச் சுருட்டி ஊசி நூலால கோத்தா கால்மிதி.

இதுல ஒரு விஷயம் நடந்துச்சு. நான் நாடா வெட்டி வெச்சுட்டு ஒரு மீட்டிங்குக்குப் போயிட்டேன். வந்து பார்த்தா அம்மா நாடாவோட ஒரு முனையை வலது கை முஷ்டிக்குள்ள கொத்தாப் பிடிச்சுக்கிட்டு இடது கையால இழுத்துட்டு இருக்காங்க. ஒண்ணு நழுவும், திரும்பப் பிடிப்பாங்க, இழுப்பாங்க. பந்தை ஒரு நாளைக்குப் பத்து தடவை அமுக்கச் சொன்னா முகத்தைத் திருப்பிக்கறவங்க, அன்னிக்கு எழுபது நாடா இழுத்திருந்தாங்க. நான் ஒண்ணும் கேக்கல. மறுநாள் நாடா நிறைய வெட்டி வெச்சுட்டு மீட்டிங் இல்லாதப்பவே மீட்டிங்னு எந்திரிச்சுப் போயிட்டேன்.

*

இப்ப கடைசிக்கு வர்றேன்.

நடுவுல அத்தை பொண்ணு கல்யாணம். அம்மா வரலைன்னுட்டாங்க. நடை கொஞ்சம் இழுக்குது, நாலு பேர் பார்த்து விசாரிப்பாங்கன்னு கூச்சம்னு நாங்களா நினைச்சுக்கிட்டோம். நான் ஒரு லெக்சர் வேற அடிச்சேன், 'அடுத்தவங்க என்ன நினைச்சா நமக்கென்ன'ன்னு. அம்மா டிவியைப் பார்த்தாங்க. நானும் அப்பாவும் போயிட்டு வந்தோம். பந்தியில எல்லாரும் "அம்மா எங்கே, அம்மா எங்கே"ன்னு கேட்டாங்க.

அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு ஆறாவது பையத் தைச்சு முடிச்சுப் பெருமையாக் கொண்டு போய்க் காட்டினேன். உள்ள துணி வெச்சு, கைப்பிடி முறுக்காம, எல்லாம் நேரா வந்த முதல் பை. அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. குறை ஒண்ணும் கிடைக்கல போல. கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா சொன்னாங்க.

"பையாத் தைச்சுத் தள்றே. நானே போட்டுக்கற மாதிரி ஒரு ஜாக்கெட் தைக்க முடியுமா உன்னால?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியல. அப்புறம் புரிஞ்சது. ஒண்ணே கால் வருஷமா அம்மா நைட்டியிலதான் இருக்காங்க. வீட்டுல சௌகரியமா இருக்கும்னுதான் நான் நினைச்சேன். ஜாக்கெட் கொக்கி மாட்ட ரெண்டு கை வேணும், அதுலயும் விரல் நுனி வேணும். ஒத்தைக் கையால ஆறு கொக்கி மாட்டிப் பாருங்க, தெரியும். (நான் மாட்டிப் பார்த்தேன். கதவைச் சாத்திட்டுத்தான். கால் மணி நேரத்துல ஒண்ணு.) அக்கா பெங்களூர்ல. அப்பாவை ஒருதடவை மாட்டிவிடச் சொல்லியிருக்காங்க, மம்பட்டி பிடிச்ச கை, கொக்கி வளைஞ்சு போச்சாம். பக்கத்து வீட்டுல போய் நிக்க மனசு வரல. ஊருக்கே கொக்கி வெச்சுக் குடுத்தவங்க, தன் கொக்கியை மாட்ட முடியாம ஒரு கல்யாணத்துக்குப் போகல.

நான் அடிச்ச லெக்சர் ஞாபகம் வந்துச்சு. இப்ப எழுதும்போதும் காது சுடுது.

*

புது ஜாக்கெட் வெட்டற அளவுக்கு நான் இன்னும் ஆள் ஆகல. இருக்கற ஜாக்கெட்டை மாத்தலாம்னு முடிவு பண்ணினோம். கொக்கிக்குப் பதிலா ஒட்டுப்பட்டி, அதாங்க வெல்க்ரோ. செருப்புல, ஸ்கூல் பையில சர்ருனு பிரிப்பமே, அது. காட்டுக்குள்ள போனா வேட்டியில நாயுருவி ஒட்டுமே, அதே தத்துவம்தான். சுவிட்சர்லாந்துல ஜார்ஜ் டி மெஸ்ட்ரல்ங்கற இஞ்சினியர் 1941-ல நாயோட மலைக்குப் போயிட்டு வந்து, நாய் ரோமத்துல ஒட்டின முள்ளுக்காயை மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பார்த்ததுல பிறந்ததாம் இது. நாமளும்தான் தலைமுறை தலைமுறையா நாயுருவியப் பிச்சுப் போட்டிருக்கோம், ஒருத்தனுக்கும் தோணல பாருங்க.

முதல் முயற்சி: பின்னாடி பசை தடவின ஒட்டுப்பட்டி வாங்கிட்டு வந்துட்டேன். பசை ஊசியில ஏறி, நூல் அறுந்து அறுந்து போச்சு. மிஷின்ல தைக்கப் பசை இல்லாததுதான் வாங்கணும். பாடம் ஒண்ணு.

ரெண்டாவது முயற்சி: மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே நீளப் பட்டியா வெச்சுத் தைச்சேன். பார்க்க அழகு. ஆனா ஒத்தைக் கையால நேரா ஒட்ட முடியல. மேல கோணலா ஒட்டினா கீழ வரைக்கும் கோணல், உக்காந்தா முன்பக்கம் பலகை மாதிரி விறைச்சுக்குது. அம்மா போட்டுக்கூடப் பார்க்கல, கையில பிடிச்சு வளைச்சுப் பார்த்துட்டு "பிரி"ன்னாங்க.

மூணாவது அம்மா யோசனை. கட்டில்ல இருந்து எந்திரிச்சு வந்து மிஷின் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்தாங்க. கொக்கி இருந்த இடத்துல மட்டும் ஒண்ணரை இஞ்சுத் துண்டா அஞ்சு. துண்டோட மூலைய வட்டமா வெட்டு, இல்லைன்னா குத்தும். சொரசொரப்பான பக்கத்தைக் கீழ்ப் பட்டியில வெளிய பார்க்கற மாதிரி வை, மெத்துனு இருக்கறதை மேல் பட்டிக்கு உள்பக்கம் வை, அப்பதான் கொஞ்சம் தள்ளி ஒட்டினாலும் உடம்புல உரசாது. அப்புறம் அவங்க சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"பழைய கொக்கிய எடுத்தயில்ல, அதைத் தூக்கிப் போட்ராத. மேல் பட்டி உள்ளார ஓரத்துல சும்மா ஒப்புக்கு வெச்சுத் தை. பாக்கறவங்களுக்குக் கொக்கி வெச்ச ஜாக்கெட்டாத்தான் தெரியோணும்."

நாலு பேர் பார்ப்பாங்கங்கறது அம்மாவுக்குக் கவலைதான். அதுக்கு அவங்ககிட்ட லெக்சர் இல்ல, வழி இருந்துச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க ஆச்சு. ஒவ்வொரு துண்டையும் நாலு பக்கமும் சுத்தி அடிக்கணும், மூலையில ஊசியத் துணிக்குள்ள நிறுத்திட்டுப் பாதத்தைத் தூக்கித் திருப்பணும். அம்மா வலது கை முஷ்டியால துணியோட ஒரு ஓரத்தை மேசை மேல அமுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. துணி நகராம இருக்க எடைக்கல்லு வெப்போமில்ல, அந்த மாதிரி. "என் கை கல்லாட்டம் ஆயிருச்சுன்னு அழுதேன், கல்லும் வேணும்போல இருக்குது"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. நான் தையலைப் பார்த்துட்டு இருந்தேன், வேற எங்கயும் பார்க்கல.

சாயங்காலம் ஜாக்கெட்டை எடுத்துட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. நானும் அப்பாவும் திண்ணையில. அப்பா தோட்டத்து மோட்டாரைப் பத்தி ஏதோ சொன்னார், நான் ஏதோ பதில் சொன்னேன். ரெண்டு பேருக்குமே அது காதுல விழல. அஞ்சு நிமிஷம். பத்து நிமிஷம். உள்ள சர்ருனு ஒரு சத்தம் - பிரிக்கற சத்தம். மறுபடி அமைதி. மறுபடி சர்ர். அப்பா எந்திரிச்சு நின்னுட்டார்.

கதவு திறந்துச்சு. மெரூன் கலர் ஜாக்கெட், நைட்டியோட பாவாடை, தோள்ல ஒரு துண்டு. கண்ணாடி முன்னாடி நின்னு இடப்பக்கம் திரும்பினாங்க, வலப்பக்கம் திரும்பினாங்க. கையைத் தூக்கிப் பார்த்தாங்க.

"கக்கத்துல பிடிக்குது"ன்னாங்க. "ஒரு வருஷமா உக்காந்தே தின்னு ஒடம்பு போட்டுருச்சு. ரெண்டு பக்கமும் உள்ளார முக்கால் இஞ்சு விட்டு வெச்சிருக்கறேன், அதைப் பிரிச்சுட்டுத் தள்ளி அடி."

அப்பா ஒண்ணும் சொல்லல. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "மோட்டாரைப் பாத்துட்டு வர்றேன்"னு கிளம்பிட்டார். மோட்டார் அப்ப ஓடவே இல்ல, கரண்ட் இல்ல.

*

போன மாசம் அக்காவுக்கு வளைகாப்பு. அம்மா வந்தாங்க. சேலைக் கொசுவம் மட்டும் அக்கா வெச்சுவிட்டா. ஜாக்கெட் அம்மாவே போட்டுக்கிட்டாங்க. யாரும் ஒண்ணும் கண்டுபிடிக்கல, கொக்கி அஞ்சும் ஒப்புக்கு வரிசையா நின்னுட்டு இருந்துச்சு.

கீழ்வீட்டு ஆத்தாவுக்கு விரல் மூட்டு எல்லாம் வீங்கி அதே கொக்கிப் பிரச்சனையாம். எப்படியோ விஷயம் தெரிஞ்சு ரெண்டு ஜாக்கெட் கொண்டு வந்து குடுத்துட்டுப் போச்சு. அம்மா ஒரு ஜாக்கெட்டுக்கு அறுபது ரூபான்னு விலை சொல்லியிருக்காங்க. தைக்கறது நான், விலை சொல்றது அம்மா, காசு யார்கிட்ட போகுதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. டெலிவரி தேதியும் என்னைக் கேக்காம அவங்களே குடுத்துட்டாங்க. ஆபீஸ்லயும் இதே நிலைமைதான்ங்கறதால எனக்குப் புதுசா ஒண்ணும் தெரியல.

மிஷின் மேல இருந்த மாத்திரை டப்பா இப்ப ஜன்னல்ல இருக்கு.

பி.கு. 1: ஒட்டுப்பட்டி வெச்ச துணியத் துவைக்கறதுக்கு முன்னாடி ஒட்டி மூடிட்டுத் துவைங்க. இல்லைன்னா மத்த துணியெல்லாம் அதுல மாட்டி நூல் நூலா வரும். அப்பாவோட வேட்டி ஒண்ணு இப்படிப் போய், இப்ப தலகாணி உறையா இருக்கு.

பி.கு. 2: இதுவரைக்கும் மொத்தச் செலவு, உடைஞ்ச ஊசி பதினொண்ணும் சேர்த்து, 640 ரூபா.

பி.கு. 3: அடுத்து சேலை. கொசுவத்தை முன்னாடியே மடிச்சுத் தைச்சு, இடுப்புல ஒட்டிக்கற மாதிரி பண்ணணும், ஆனா பார்க்க ரெடிமேட் மாதிரி தெரியக்கூடாதுங்கறது டெய்லர் அம்மாவோட உத்தரவு. யாராவது வீட்டுல செஞ்சு பார்த்திருந்தா சொல்லுங்க மக்களே. இல்லைன்னா நானே தைச்சுப் பார்க்கறேன். எப்படியும் நாலு தடவை 'பிரி' உண்டு.